நீலகிரி தொகுதி: தனித்தொகுதியால் போனதல்ல, கணக்கால் போனது

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

நீலகிரி மக்களவைத் தொகுதியைப் பொதுத்தொகுதியாக்க வேண்டும் என்று உங்கள் வாசகர் பகுதியில் அடிக்கடி கடிதம் வருகிறது. 2009இல் பட்டியல் சாதியினருக்கான தனித்தொகுதி ஆனபின், அந்தப் பட்டியலில் இல்லாத மலைச் சமூகமான படுகரில் ஒருவர்கூட மக்களவைக்குப் போகவில்லை, அதனால்தான் பச்சைத் தேயிலை விலை பற்றிப் பேச ஆளில்லை என்பது எல்லாக் கடிதங்களின் சாரம். இதில் பாதி உண்மை. மீதியைக் கவனிக்காமல் விட்டால் தொகுதிகளின் எல்லையைப் புதிதாக வரையும் அடுத்த மறுவரையறையில் மலை இன்னும் பெரிதாக இழக்கும். தேர்தல் வேலையிலும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் பல காலம் இருந்தவர்கள் என்ற முறையில், இதன் கணக்கை மட்டும் எடுத்து வைக்கிறோம்.

முதலில் பழைய பட்டியல். 1957 முதல் 2004 வரை 13 தேர்தல்கள் நடந்தன. அத்தனையிலும் நீலகிரி பொதுத்தொகுதி. 1962இல் காங்கிரஸின் அக்கம்மா தேவி, 1967இல் சுதந்திராக் கட்சியின் எம்.கே. நஞ்சா கௌடர், 1971இல் தி.மு.க.வின் ஜே. மாதா கௌடர், 1998லும் 1999லும் பா.ஜ.க.வின் மாஸ்டர் மாதன். படுகர் வென்றது இந்த ஐந்து முறைதான். 1977 முதல் 1996 வரை நடந்த ஆறு தேர்தல்களில் பி.எஸ். ராமலிங்கம் ஒருமுறை, ஆர். பிரபு நான்கு முறை, எஸ்.ஆர். பாலசுப்பிரமணியம் ஒருமுறை வென்றார்கள். 2004இல் மறுபடியும் பிரபு. தனித்தொகுதி என்ற பேச்சே இல்லாத காலத்தில் 21 ஆண்டுகள் படுகர் எம்.பி. இல்லை. 'தனித்தொகுதி வந்தது, நம் ஆள் போனார்' என்பது இந்தப் பட்டியலோடு ஒத்துப்போகவில்லை.

ஐந்து வெற்றிக்கு நான்கு கட்சிகள் என்பதையும் கவனிக்க வேண்டும். படுகத் தலைவர்கள் எண்ணிக்கை பலத்தில் மேலே வந்தவர்கள் அல்லர். 2011 மொழிக் கணக்கில் படுகு பேசுவோர் 1,33,550 பேர், அதுவும் கன்னடத்தின் கீழ் ஒரு தாய்மொழியாகச் சேர்க்கப்பட்டவர்கள். மாவட்டத்தில் இது 18 சதவீதம், மக்களவைத் தொகுதியில் 8 சதவீதத்துக்கும் கீழே. அவர்களின் செல்வாக்கு நிலத்திலிருந்தும், முதலில் கிடைத்த ஆங்கிலப் படிப்பிலிருந்தும், கூட்டுறவிலிருந்தும் வந்தது. படுகரான ராவ் பகதூர் ஆரி கௌடர் சென்னை மாகாண சட்டமன்றத்தில் உட்கார்ந்தவர். உருளைக்கிழங்கு விற்கத் தரகரையே நம்பியிருந்த விவசாயிக்கு என்.சி.எம்.எஸ். என்ற கூட்டுறவு விற்பனைச் சங்கம் 1935இல் கிடைத்ததும் அவரால்தான். அந்தக் காலத்தின் இன்னொரு மேல்தட்டு தோட்டத்துரைமார். 1919ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த சென்னை சட்டசபையில் தோட்ட முதலாளிகளுக்கென்றே ஓர் இடம் இருந்தது. கொழுந்து பறித்தவருக்கு வாக்கே இல்லை. 1952க்குப் பிறகு எல்லோருக்கும் ஒரே வாக்கு என்று ஆனதும் துரைமார் போய்விட்டார்கள். கௌடர்கள் எனப்படும் படுகத் தலைவர்கள் எல்லாக் கட்சிகளுக்குள்ளும் நுழைந்து தாக்குப்பிடித்தார்கள். தொதநாடு, பொரங்காடு, மேக்குநாடு, குந்தெநாடு என்று படுகரின் நான்கு சீமையும் ஒரே சின்னத்துக்கு வாக்களித்துத்தான் யாரும் ஜெயித்தார்கள் என்பதில்லை.

இப்போது கணக்கு. தற்போதைய எல்லை 2001 கணக்கெடுப்பின்படி 2008இல் நடைமுறைக்கு வந்தது. அன்றைய தமிழக மக்கள்தொகை 6,24,05,679. அதை 39ஆல் வகுத்தால் ஒரு மக்களவைத் தொகுதிக்குச் சராசரி 16 லட்சம். நீலகிரி மாவட்டம் மொத்தமும் 7,62,141. ஒரு தொகுதிக்குப் பாதிகூடத் தேறவில்லை, மீதி எட்டே கால் லட்சத்துக்கு மேல் கீழேயிருந்து வந்தாக வேண்டும். அப்படித்தான் உதகை, குன்னூர், கூடலூரோடு கோவை மாவட்டத்தின் மேட்டுப்பாளையம், திருப்பூர் மாவட்டத்தின் அவிநாசி, ஈரோடு மாவட்டத்தின் பவானிசாகர் சேர்ந்தன. முன்பு தொண்டாமுத்தூர் இருந்தது, அதற்குப் பதில் பவானிசாகர் வந்தது. பந்தலூரில் புறப்பட்டு அவிநாசி போய்ச் சேர 150 கிலோமீட்டருக்கு மேல் ஆகும். ஒரு எம்.பி.க்கு நான்கு மாவட்டம், நான்கு கலெக்டர். அவிநாசியில் கேட்பது அத்திக்கடவுத் தண்ணீர், மேட்டுப்பாளையத்தில் யானை, தாளவாடியில் காட்டுப் பாதை. இவர்கள் எல்லோரையும் பார்த்த பிறகுதான் தேயிலையின் முறை வரும்.

தேயிலைக்கு எம்.பி. ஏன் வேண்டும் என்று கீழேயுள்ளவர்கள் கேட்பதுண்டு. தேயிலை வாரியம் மத்திய அரசுடையது. விவசாயிக்கு 65, தொழிற்சாலைக்கு 35 என்ற பங்கீட்டு முறையும் மத்திய ஆணையிலிருந்து வந்ததே. ஏலத்தில் ஒரு கிலோ தூள் 100 ரூபாய்க்குப் போனால் 65 ரூபாய் விவசாயிக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிலோ தூளுக்குச் சுமார் நாலரை கிலோ பச்சை இலை போகும். ஆகக் கிலோ இலைக்குக் கிடைப்பது 14 ரூபாய் சொச்சம். பறிகூலி, உரம் எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும். சட்டமன்றத்தில் எவ்வளவு கத்தினாலும் அந்தச் சூத்திரத்தைத் தொட முடியாது.

தனித்தொகுதி எப்படி வந்தது என்பதையும் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். மாநிலத்துக்கு எத்தனை தனித்தொகுதி என்பது மக்கள்தொகை விகிதம். 2001இல் பட்டியல் சாதியினர் 19 சதவீதம், 39இல் 7 வந்தது. எங்கே வைப்பது என்பதற்கு 2002ஆம் ஆண்டு மறுவரையறைச் சட்டத்தின் 9ஆம் பிரிவு ஒரு வேறுபாட்டைச் சொல்கிறது. பட்டியல் சாதித் தொகுதிகள் மாநிலத்தின் பல பகுதிகளிலும் பரவியிருக்க வேண்டும், அவர்கள் விகிதம் ஒப்பளவில் அதிகமுள்ள இடங்களாகவும் இருக்க வேண்டும். பழங்குடித் தொகுதிக்குப் பரவல் கிடையாது, விகிதம் எங்கே மிக அதிகமோ அங்கேதான். நீலகிரி மாவட்டத்தில் பட்டியல் சாதியினர் 2011 கணக்கில் 32 சதவீதம். அவர்களில் கணிசமானோர் 1964 சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பி, டான்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டக் கழகத்திலும் கூடலூர், கோத்தகிரிப் பக்கமும் குடியேறிய தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள். கொங்கு மேற்கில் ஒரு தனித்தொகுதி வைக்க வேண்டுமென்றால் இதைவிடப் பொருத்தமான இடம் காட்டுவது கஷ்டம். 'எங்கள் தொகுதியை விடுவியுங்கள்' என்று மட்டும் மனு எழுதினால் மறுவரையறை ஆணையம் கேட்கும் முதல் கேள்வி: வேறு எதை எடுத்துக்கொள்வது? அதற்குப் பதில் இல்லாத மனு கோப்பில்தான் தூங்கும்.

இருந்தாலும் ஒரு நியாயமான குறை இருக்கிறது. மக்களவைத் தனித்தொகுதியில் நிற்க, இந்தியாவில் எந்த மாநிலத்தின் பட்டியல் சாதியைச் சேர்ந்தவராக இருந்தாலும் போதும், எந்தத் தொகுதியின் வாக்காளராக இருந்தாலும் போதும். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 4ஆம் பிரிவு அப்படித்தான். சட்டமன்றத் தனித்தொகுதிக்கு அப்படியில்லை, இந்த மாநிலப் பட்டியலில் இருக்க வேண்டும். 2024இல் முதலில் வந்த ஆ. ராசா பெரம்பலூர் மாவட்டத்துக்காரர், இரண்டாவதாக வந்த எல். முருகன் நாமக்கல் மாவட்டத்துக்காரர். பெரம்பலூர் 2009இல் பொதுத்தொகுதி ஆனது, அதே ஆண்டில் ராசா நீலகிரிக்கு வந்தார். சட்டப்படி இதில் ஒரு தவறும் இல்லை. ஆனால் எந்தத் தோட்டத் தொழிலாளரின் எண்ணிக்கையால் இது தனித்தொகுதி ஆனதோ, அந்தத் தோட்ட லயத்து (வரிசைக் குடியிருப்பு) வீட்டிலிருந்து ஒருவர் பெரிய கட்சிகளின் டிக்கெட் வாங்குவது இன்னும் எட்டாக்கனி. கௌடர்களின் குறை மட்டும் அச்சில் வருகிறது, இந்தக் குறை வருவதில்லை.

தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் நிலை இன்னும் விநோதம். பட்டியல் சாதித் தொகுதியில் பழங்குடியினர் நிற்க முடியாது. மந்து என்னும் குடியிருப்பில் பிறந்த தோடர் ஒருவர் தென்சென்னையில் மக்களவைக்கு நிற்கலாம், நீலகிரியில் நிற்க முடியாது. தமிழகத்தில் பழங்குடியினருக்கு மக்களவையில் ஓர் இடமும் இல்லை. காரணம் வகுத்தல்தான். 2011இல் 7,94,697 பேர், 1.1 சதவீதம். 39ஐ அதனால் பெருக்கினால் 0.43 வருகிறது. பாதிக்குக் கீழே என்பதால் பூஜ்யம். சட்டமன்றத்தில் ஏற்காடு, சேந்தமங்கலம் என்று இரண்டே.

படுகரைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கும் கோரிக்கையை இந்த இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். வேலை, படிப்பு என்றுதான் எல்லோரும் பேசுகிறார்கள். தொகுதிக் கணக்கு யார் கண்ணிலும் படவில்லை. படுகு பேசும் 1,33,550 பேரை 2011 பழங்குடி எண்ணிக்கையோடு கூட்டினால் 9.28 லட்சம், மாநிலத்தில் 1.29 சதவீதம். 39ஆல் பெருக்கினால் 0.50ஐ மயிரிழையில் தாண்டுகிறது. பூஜ்யம் ஒன்றாகிறது! அந்த ஒன்று எங்கே போகும்? விகிதம் மிக அதிகமுள்ள இடத்துக்கு. நீலகிரி மாவட்டத்தில் பழங்குடியினர் 2011 கணக்கில் 4.5 சதவீதம், படுகரும் சேர்ந்தால் 22 சதவீதத்துக்கு மேல். நீலகிரி மக்களவைத் தொகுதி பழங்குடித் தொகுதியாகும் வாய்ப்பு பலமாகும். 1.33 லட்சம் பேரும் சுமார் 2,000 தோடரும் ஒரே பட்டியலில் போட்டியிட்டால் டிக்கெட் யாருக்கு என்பது சொல்லாமலே விளங்கும். ஆறு பழங்குடிகளிடமும் இருக்கும் தயக்கத்தை 'பொறாமை' என்று எழுதியவர்கள் இந்த எண்களை ஒருமுறை பார்க்கட்டும். இன்னொன்று: பழங்குடிப் பட்டியல் கேட்கும் மேடையிலேயே பொதுத்தொகுதியும் கேட்கிறார்கள். முதல் கோரிக்கை நிறைவேறினால் இரண்டாவதற்கு வேலையே இல்லை.

ஆனால் எங்களுக்குப் பெரிய கவலை மக்களவையைப் பற்றியதல்ல. சட்டமன்றத்தைப் பற்றியது. 2001இல் ஒரு சட்டமன்றத் தொகுதிக்குச் சராசரி 2,66,691 பேர். நீலகிரிக்கு 2.86 வந்தது, அதை மூன்றாக்கினார்கள். 2011இல் மாநிலம் 7.21 கோடியாக வளர்ந்தது, நீலகிரி 7,35,394ஆகக் குறைந்தது. 234 இடம் என்றே வைத்தால் சராசரி 3.08 லட்சம், மாவட்டத்தின் பங்கு 2.39. பாதியைத் தொடாத பின்னத்தைக் கீழே இறக்குவதுதான் வழக்கம். மூன்று இரண்டாகும். அப்போது கூடலூர், பந்தலூர் வட்டங்கள் தனியாக ஒரு தொகுதிக்குப் போதாமல் உதகையின் ஒரு பகுதியோடு ஒட்டப்படும். சேரம்பாடிப் பணியருக்கும், செக்‌ஷன் 17 நிலத்தில் (ஜன்மம் என்ற பழைய நிலவுடைமையை ஒழித்த 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17ஆம் பிரிவில் வரும் நிலத்தில்) பட்டா இல்லாமல் முடிவுக்காகக் காத்திருப்பவருக்கும், உதகை நகரத்து விடுதிக்காரருக்கும் ஒரே எம்.எல்.ஏ. மாநிலத்தின் மொத்த இடங்கள் கூட்டப்பட்டால் இந்த எண் மாறும். கூட்டப்படாவிட்டால் மேலே சொன்னதுதான்.

இது கற்பனைப் பயமல்ல. உத்தராகண்டில் 2008 மறுவரையறைக்கு முன் மலைக்கு 40, சமவெளிக்கு 30 இடங்கள். பின் மலை 34, சமவெளி 36. மலைக்காகவே உருவான மாநிலத்தில் இந்த நிலை. எதிர் உதாரணமும் உண்டு. 2022இல் முடிந்த ஜம்மு காஷ்மீர் மறுவரையறையில் மாவட்டங்களை மலைப்பாங்கு, கலப்பு, சமவெளி என்று மூன்று வகையாகப் பிரித்து, சராசரியிலிருந்து 10 சதவீதம் கூடவோ குறையவோ இடம் கொடுத்தார்கள். நம் மனுவில் மேற்கோள் காட்ட வேண்டியது அதைத்தான். 'மலைவாசிகள் பாவம்' என்பதை அல்ல.

84ஆவது திருத்தம், 2026க்குப் பிறகு எடுக்கும் முதல் கணக்கெடுப்பு வரை இடங்களின் எண்ணிக்கையை உறைய வைத்தது. கணக்கெடுப்பின் குறிப்புத் தேதி 2027 மார்ச் 1 என்று அரசிதழில் வந்தது. மறுவரையறைக்கு எடுப்பது மக்கள்தொகையைத்தான், வாக்காளர் பட்டியலை அல்ல. இங்கேதான் நம்மவர்கள் ஏமாறுகிறார்கள். பையன் திருப்பூர் பனியன் கம்பெனியில், மகள் பெங்களூரில், பெயர் மட்டும் ஹட்டி (படுகர் ஊர்) வாக்காளர் பட்டியலில். தேர்தலன்று பஸ் பிடித்து வந்து குத்திவிட்டுப் போகலாம். ஆனால் எண்ணும் நாட்கள் முழுக்க வெளியூரில் இருந்தால் அங்கேதான் எண்ணப்படுவார்கள். பூட்டிக் கிடக்கும் பங்களா எத்தனை இருந்தாலும் தலை பூஜ்யம். காட்டுக்குள் இருக்கும் குடியிருப்புகள் கணக்கெடுப்பின் முதல் கட்டமான வீட்டுப்பட்டியலிலேயே விடுபட்டால் பிறகு சேர்ப்பது பெரும்பாடு. ஆகவே ஒவ்வொரு ஊராட்சியும் அந்தக் கட்டத்திலேயே தன் பட்டியலைச் சரிபார்க்க வேண்டும். தாய்மொழி கேட்டால் 'படுகு' என்றே சொல்ல வேண்டும். எழுதுபவர் வசதிக்காகத் தமிழ், கன்னடம் என்று போட விடக்கூடாது. இன்னொரு சங்கடம்: பட்டியல் சாதி நிலை இந்து, சீக்கிய, பௌத்த மதத்தவருக்கு மட்டுமே. தேவாலயம் போகும் தோட்டக் குடும்பம் கிறிஸ்தவர் என்று பதிந்தால் அந்த எண்ணிக்கையில் வராது. பழங்குடிக்கு இந்த மத நிபந்தனை இல்லை.

பிறகு மனு. 2002 சட்டப்படி மறுவரையறை ஆணையத்தில் மாநிலத்துக்குப் பத்து இணை உறுப்பினர்கள், ஐந்து எம்.பி., ஐந்து எம்.எல்.ஏ. அவர்களுக்கு வாக்கும் இல்லை, முடிவில் கையெழுத்தும் இல்லை. ஆனால் மாற்று யோசனை எழுதிக் கொடுத்தால் வரைவோடு சேர்ந்தே அச்சாகும். நீலகிரி ஆள் அந்தப் பத்தில் இல்லையென்றால் பக்கத்துத் தொகுதிக்காரரையாவது பிடிக்க வேண்டும். வரைவு அரசிதழில் வரும், ஆட்சேபத்துக்கு ஒரு தேதி தருவார்கள், பொது விசாரணை நடக்கும். இறுதி ஆணை வந்தபின் வழக்குமன்றக் கதவு கிட்டத்தட்ட மூடியதுதான், அரசமைப்பின் 329ஆவது பிரிவு அப்படி. அடுத்த சட்டமும் இதே தடத்தில் போகும் என்றே எதிர்பார்க்கலாம்.

மனு தோற்பது பெரும்பாலும் ஒரே காரணத்தால். 'எங்கள் ஹட்டியைக் குன்னூரிலேயே வையுங்கள்' என்று ஆயிரம் கையெழுத்து இருக்கும். ஆணையம் பார்க்கும் அட்டவணையில் ஹட்டி என்று ஒன்றே இல்லை. வருவாய்க் கிராமம்தான் இருக்கும். நீலகிரியில் ஒரு வருவாய்க் கிராமத்துக்குள் பல ஹட்டிகளும் எஸ்டேட்டும் சேர்ந்திருக்கும். எனவே இடது பத்தியில் கணக்கெடுப்புக் கிராமக் குறியீடு, அடுத்து பெயர், மொத்த மக்கள், பட்டியல் சாதி, பழங்குடி என்று ஐந்து பத்தி போடுங்கள். பேரூராட்சி, நகராட்சிக்கு வார்டு வாரியாக. கீழே கூட்டல், மாநிலச் சராசரியிலிருந்து எத்தனை சதவீதம் விலகுகிறது என்ற வரி. நாம் ஒரு கிராமத்தை இழுத்தால் பக்கத்துத் தொகுதி எவ்வளவு குறைகிறது என்பதையும் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் அந்தக் கணக்கை ஆணையம் நமக்காகப் போடாது. சட்டமன்றத் தொகுதி முழுதாக ஒரே மக்களவைத் தொகுதிக்குள் இருக்க வேண்டும் என்பதால் பாதி அவிநாசியைக் கழற்றும் யோசனை செல்லாது. நிலத்தின் அமைப்பு, நிர்வாக எல்லை, போக்குவரத்து வசதி, மக்கள் வசதி ஆகிய நான்கும் சட்டத்திலேயே உள்ள சொற்கள். அவற்றையே தலைப்பாக வைத்து எழுதுங்கள். மலையையே தொடாத அவிநாசியைவிடத் தாளவாடி மலை சேர்ந்த பவானிசாகர் நமக்கு இயல்பான கூட்டு என்பது எங்கள் கருத்து. ஊராளி, சோளகர் ஊர்களும் அங்கே உண்டு.

தேதியும் நேரமும் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு இந்தத் தொகுதியிலேயே சாட்சி இருக்கிறது. 2014இல் பா.ஜ.க. வேட்பாளருக்கான கட்சி அங்கீகார ஏ, பி படிவங்கள் உரிய நேரத்துக்குள் சேரவில்லை. வேட்புமனு தள்ளுபடி. அந்தத் தேர்தலில் நோட்டாவுக்கு 46,559 வாக்குகள், நாட்டிலேயே அதிகம். வேட்புமனுவின் கடைசி நாள் மாலை 3 மணி என்றால் 3 மணிதான்.

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். இறுதி ஆணையைக் குறைந்தது இரண்டு தாய்மொழி நாளிதழ்களில் போட வேண்டும் என்று 2002 மறுவரையறைச் சட்டம் கட்டாயமாக்கியிருந்தது. வரைவுக்கு அரசிதழே முக்கியம், அது ஹட்டிக்கு வருவதில்லை. வரைவு வெளியாகும் நாளில், நீலகிரிக்கான கிராம அட்டவணையையும் ஆட்சேபத்தின் கடைசித் தேதியையும் உங்கள் மாவட்டப் பக்கத்தில் முழுதாகப் போடுங்கள். இடம் போதாதென்றால் அன்றைக்கு எங்களைப் போன்றவர்களின் கடிதத்தை நிறுத்தி வையுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தேர்தல், கணக்கெடுப்புப் பணியாளர்கள் சிலர்,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.